கரை மாறிய பகுத்தறிவாளர்கள்

கடவுள் இல்லை என்று மேடை மேடையாக முழங்கியவர் அன்னி பெசன்ட். மார்க்ஸைக் கரைத்துக் குடித்தவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். புகழின் உச்சியில் இருந்தபோதே இருவரும் மறுபக்கம் திரும்பினார்கள். அவர்களைத் திருப்பியது வாதமா, பயமா, வேறு ஏதாவதா?

1891 பிப்ரவரி. லண்டனுக்கு வெளியே புரூக்வுட் இடுகாட்டில் சார்லஸ் பிராட்லாவை அடக்கம் செய்துவிட்டுக் கூட்டம் ரயிலுக்காகக் காத்திருந்தது. பிராட்லா அன்றைய இங்கிலாந்தின் தலையாய நாத்திகர். 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், பதவிப் பிரமாணத் தகராறில் 1886 வரை இருக்கையில் நிம்மதியாக உட்கார முடியாமல் போராடியவர். இந்தியாவுக்காக ஓயாமல் குரல் கொடுத்ததால் லண்டனிலிருந்த இந்தியர்களுக்கு அவர் மீது தனி மரியாதை. இறுதிச் சடங்குக்கு அவர்களும் திரண்டு வந்திருந்தார்கள். அவர்களில் 21 வயதுச் சட்ட மாணவர் ஒருவரும் இருந்தார். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

பிளாட்பாரத்தில் ஒரு நாத்திகர் அங்கு நின்ற பாதிரியாரை மடக்கத் தொடங்கினார். பூமியின் சுற்றளவு இத்தனை மைல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா, அப்படியானால் உங்கள் கடவுளின் அளவு என்ன, அவர் குடியிருப்பது எங்கே என்று கேட்டார். நம் இருவர் நெஞ்சிலும்தான் என்றார் பாதிரியார், அடங்கிய குரலில். என்னைக் குழந்தை என்று நினைத்தீர்களா என்று கேட்டுவிட்டு, வென்றுவிட்ட தோரணையில் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார் நாத்திகர். இந்தக் காட்சியை மறக்காமல் பல ஆண்டுகள் கழித்துத் தன் சுயசரிதையில் பதிவு செய்தார் காந்தி. நாத்திகத்தின் மீது தனக்கிருந்த மனக்கசப்பை அது இன்னும் அதிகமாக்கியது என்றும் எழுதினார்.

அவர் மனத்தில் அப்போது இன்னொரு செய்தியும் ஓடிக்கொண்டிருந்தது. மறைந்த பிராட்லாவின் வலது கையாகப் பதினைந்து ஆண்டுகள் இருந்த பெண்மணி, அவர் உயிரோடு இருந்தபோதே நாத்திகத்தை விட்டுப் போயிருந்தார். லண்டன் பத்திரிகைகளில் அது பெரிய சர்ச்சை. அந்தப் பெண்மணியின் விளக்கப் பிரசுரத்தை இளம் காந்தியும் வாங்கிப் படித்திருந்தார். அவர்தான் அன்னி பெசன்ட்.

குழந்தையின் கட்டிலருகே

பெசன்ட் நாத்திகரான கதை புத்தகத்தில் ஆரம்பிக்கவில்லை. 1847இல் லண்டனில் பிறந்த அவர் இளமையில் பக்தியில் ஊறியவர். இருபது வயதில் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரை மணந்தார். ஒரு பையன், ஒரு பெண். 1871இல் கைக்குழந்தையாக இருந்த மகள் மேபலுக்குக் கக்குவான் இருமல் வந்தது. குழந்தை மூச்சுக்குத் திணறுவதை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்குள் ஒரு கேள்வி எழுந்தது. கருணையே வடிவான கடவுள் ஒன்றுமறியாத சிசுவை ஏன் இப்படி வதைக்க வேண்டும்?

குழந்தை பிழைத்தது, நம்பிக்கை பிழைக்கவில்லை. விடை தேடி இறையியல் நூல்களைப் படித்தார். ஆக்ஸ்போர்டில் இருந்த புகழ்பெற்ற மத அறிஞர் பியூசியையே நேரில் போய்ப் பார்த்தார். நீ ஏற்கெனவே அளவுக்கு மீறிப் படித்துவிட்டாய், போய்ப் பிரார்த்தனை செய் என்பதுதான் அங்கே கிடைத்த பதில். தேவாலயத்தில் நற்கருணை வாங்க முடியாது என்று மறுத்ததும் கணவர் கெடு விதித்தார்: ஒன்று வழிபாட்டுக்கு வர வேண்டும், அல்லது வீட்டைவிட்டுப் போக வேண்டும். 1873இல் மகளுடன் வெளியேறினார் பெசன்ட்.

மறு ஆண்டே பிராட்லாவின் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தில் உறுப்பினர். மிக விரைவில் இங்கிலாந்தின் மிகச் சிறந்த மேடைப் பேச்சாளர்களில் ஒருவர். 1877இல் குடும்பக் கட்டுப்பாடு பற்றி நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய பழைய நூலை இருவரும் துணிந்து மறுபதிப்புச் செய்ய, ஆபாச வழக்குப் பாய்ந்தது. நீதிமன்றத்தில் தன் கட்சியைத் தானே வாதாடினார் பெசன்ட். ஆறு மாதச் சிறைத் தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவு வெளிப்படையான நாத்திகரிடம், இப்படிப்பட்ட நூலை வெளியிட்டவரிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று சொல்லி 1878இல் நீதிமன்றம் ஏழு வயது மேபலைத் தந்தையிடம் ஒப்படைத்தது.

எந்தக் குழந்தையின் வேதனையைக் கண்டு கடவுளை விட்டாரோ, கடவுளை விட்டதற்காக அதே குழந்தையை இழந்தார். இப்படி விலை கொடுத்தவரின் நாத்திகம் இரவல் கருத்து அல்ல. அரைகுறைப் படிப்பும் அல்ல; அதன் பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பாடங்கள் படித்துத் தேர்வு எழுதினார், அறிவியல் வகுப்புகள் எடுத்தார். 1888இல் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவலத்தைத் தன் பத்திரிகையில் எழுதினார். அதைத் தொடர்ந்து சுமார் 1,400 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி வெற்றியும் பெற்றார்கள்.

விமர்சனத்துக்கு வந்த புத்தகம்

1889இல் பத்திரிகையாசிரியர் டபிள்யூ.டி. ஸ்டெட் இரண்டு தடித்த புத்தகங்களைப் பெசன்ட்டிடம் தந்து விமர்சனம் எழுதச் சொன்னார். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கி எழுதிய 'ரகசியக் கோட்பாடு' அது. விமர்சனம் எழுத உட்கார்ந்தவர் எழுந்தபோது வேறு ஆளாக இருந்தார் என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் உண்மை அத்தனை திடீர் அல்ல.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே இரண்டு விஷயங்கள் அவரை அரித்துக்கொண்டிருந்தன. ஒன்று, மனம். கனவு, ஹிப்னாடிசம், ஒரே ஆளுக்குள் இரட்டை ஆளுமை போன்றவற்றை அன்றைய பொருள்முதல்வாதம் விளக்கிய விதம் அவருக்குத் திருப்தி தரவில்லை. இன்னொன்று, தியாகம். லண்டன் சேரிகளில் வேலை செய்தபோது, தனக்கு எந்த லாபமும் இல்லாமல் அடுத்தவருக்காக உழைக்கும் மனிதர்கள் நிறையப் பேர் தேவை என்று கண்டார். அந்த உந்துதல் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவருடைய தத்துவத்தில் பதில் இல்லை.

பிளாவட்ஸ்கியைப் பார்க்கப் போனார். சேரவும் விரும்பினார். அப்போது அந்த அம்மாள் கேட்ட கேள்வி விசித்திரமானது: என்னைப் பற்றிய அறிக்கையைப் படித்துவிட்டாயா? லண்டனின் உளவியல் ஆராய்ச்சிச் சங்கம் ஹாட்ஜ்சன் என்பவரைச் சென்னை அடையாறுக்கு அனுப்பி விசாரித்து, 1885இல் வெளியிட்ட அறிக்கை அது. பிளாவட்ஸ்கியின் அற்புதங்கள் மோசடி என்று அது தீர்ப்பளித்திருந்தது. முதலில் அதைப் படி, பிறகு வா என்று அனுப்பிவிட்டார் பிளாவட்ஸ்கி.

பெசன்ட் படித்தார். அடையாறில் வேலை பார்த்து, பின்னர் பகைத்துக்கொண்டு போன ஒரு தம்பதியின் சாட்சியத்தையே அறிக்கை பெரிதும் நம்பியிருக்கிறது, அது செல்லாது என்று முடிவு கட்டினார். 1889 மே 10 அன்று சபையில் சேர்ந்தார். அப்போது வயது 41.

நண்பர்கள் அதிர்ந்து போனார்கள். எழுத்தாளர் பெர்னார்ட் ஷா நேரே அவர் அலுவலகத்துக்கே போய், அந்த அறிக்கையைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். படித்துவிட்டேன் என்று பதில் வந்தது. பிராட்லா தன் பத்திரிகையில் வருத்தத்தோடு எழுதினார். இத்தனை நாள் கூட உழைத்தவர் தன்னிடம் ஒரு வார்த்தை கலந்து பேசாமல், கற்பனை என்றே தான் கருதும் விஷயங்களை உண்மை என்று ஏற்றுக்கொண்டுவிட்டாரே என்ற ஆதங்கம் அதில் இருந்தது. அன்பு அறுந்துபோகவில்லை, ஆனால் பழைய தோழமையும் திரும்பவில்லை. 1891இல் மதச்சார்பின்மைச் சங்க மேடையிலிருந்து பெசன்ட் விடைபெற்றுக்கொண்டார்.

லாப நஷ்டக் கணக்கு

இந்த மாற்றத்தால் இந்தியாவுக்குக் கிடைத்ததைப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. 1893 நவம்பர் 16 அன்று தூத்துக்குடியில் வந்திறங்கினார். 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். பின்னாளில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் எழுந்தது அந்த அடித்தளத்தின் மீதுதான். 1907இல் பிரம்மஞான சபையின் தலைவர். 1916இல் ஹோம் ரூல் இயக்கம். 1917இல் உதகமண்டலத்தில் சிறைவைப்பு. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தா காங்கிரசின் தலைவர். மேடையும் துணிச்சலும் பழையவைதான். பேசிய பொருள்தான் மாறியிருந்தது.

நஷ்டக் கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தானே எழுதி ஏராளமாக விற்ற நூலை 1891இல் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். மனிதன் உடல் இச்சையைக் கடக்க வேண்டியவன் என்ற புதிய கொள்கைக்கு அது ஒத்துவரவில்லை. எந்த உரிமைக்காக மகளையே இழந்தாரோ, அந்த உரிமையின் பக்கம் நிற்பதையே விட்டுவிட்டார். ஏழைப் பெண்களுக்கு அது சாதாரண இழப்பு அல்ல.

இன்னொரு விஷயம் இன்னும் கசப்பானது. 1909இல் அடையாறு கடற்கரையில் கண்டெடுக்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை வருங்கால உலக குரு என்று பெசன்ட் நம்பினார், உலகுக்கும் அறிவித்தார். பையன்களைத் திருப்பித் தரும்படி தந்தை நாராயணையா சென்னை உயர்நீதிமன்றம் போனார். 1913இல் தீர்ப்பு பெசன்ட்டுக்கு எதிராக வந்தது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அவர் வென்றார். அன்று நாத்திகத் தாயாக நின்று குழந்தையை இழந்தவர், இப்போது ஆன்மிகத் தாயாக நின்று இன்னொருவர் குழந்தைகளைத் தக்கவைத்துக்கொண்டார்.

1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில், ஆயிரக்கணக்கான பக்தர்களுக்கும் 81 வயதுப் பெசன்ட்டுக்கும் முன்னால், தனக்காக உருவாக்கப்பட்ட அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தியே கலைத்தார். எந்த அமைப்பும் எந்த மதமும் மனிதனை உண்மையிடம் கொண்டுசேர்க்க முடியாது என்றார். ஒரு காலத்தில் பெசன்ட் பேசிய பேச்சின் சாயல் அதில் இருந்தது.

ஆதாரம் கேட்டுப் பழகிய ஒருவர் இந்த அளவுக்கு நம்பியது எப்படி என்று நாத்திகர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. கடவுளை நோக்கித் திரும்பியதற்கும், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் நம்பியதற்கும் இடையே கோடு போட வேண்டியிருக்கிறது. அவர் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. அதற்கு அவர் ஏற்றுக்கொண்ட பதில்கள் எல்லாம் நல்ல பதில்கள் ஆகிவிடா.

புனேயில் 21 நாள்

அந்தக் கேள்வி மட்டும் சாகவில்லை. 63 ஆண்டுகள் கழித்து இந்தியாவில் இன்னொருவரைப் பிடித்துக்கொண்டது. அவருக்குப் பிளாவட்ஸ்கியும் இல்லை, அற்புதங்களும் இல்லை.

பீகாரின் சிதாப்தியாரா கிராமத்தில் 1902இல் பிறந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் 1922இல் அமெரிக்கா போனார். தோட்டத்திலும் உணவு விடுதியிலும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர், விஸ்கான்சினில் மார்க்ஸைக் கண்டெடுத்தார். 1929இல் தீர்மானமான மார்க்சியவாதியாகத் தாயகம் திரும்பினார். அந்த ஆண்டுகளில் மனைவி பிரபாவதி காந்தியின் ஆசிரமத்தில் வாழ்ந்து பிரம்மசரிய விரதம் பூண்டிருந்தார். ஒரே வீட்டில் மார்க்சும் காந்தியும். 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி உருவாக முன்னின்றார். 1942இல் தீபாவளி இரவில் ஹசாரிபாக் சிறைச் சுவரைத் தாண்டித் தப்பியபோது நாட்டு இளைஞர்களின் கதாநாயகன் ஆனார்.

ஆனால் ரஷ்யாவில் ஸ்டாலின் நடத்திய களையெடுப்புகள் அவர் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தன. நல்ல லட்சியத்துக்காகத் தீய வழியில் போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1952இல், முதல் பொதுத் தேர்தலில் சோஷலிஸ்டுகள் படுதோல்வி கண்ட ஆண்டில், புனேயில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். வயது 49. அந்த நாள்களின் சிந்தனையைப் பின்னர் ஒரு கட்டுரையாக எழுதினார். மனிதன் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும் என்பதே அதன் மையக் கேள்வி.

முன்பெல்லாம் நரகத்துக்குப் பயந்தோ, கடவுளுக்குப் பயந்தோ மனிதன் ஒழுங்காக இருந்தான். அந்தப் பயம் போய்விட்டது. எல்லாம் ஜடம், உணர்வும் ஜடத்தின் ஒரு நடத்தைதான் என்றால், ஒருவன் பொய் சொல்லி, காட்டிக்கொடுத்து, தட்டிப் பறித்து முன்னேறினால் அவனை எது தடுக்கும்? ஜடத்துக்கு ஏது நன்மை தீமை? பல ஆண்டுகள் தான் போற்றிய இயங்கியல் பொருள்முதல்வாதத்திடம் இதற்குப் பதில் இல்லை என்று பகிரங்கமாக எழுதினார். ஜடத்தைக் கடந்த ஒன்றிடம்தான் நன்மைக்கான வேர் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1954இல் புத்தகயாவில் நடந்த சர்வோதய மாநாட்டில் வினோபாவின் இயக்கத்துக்குத் தன் வாழ்வையே தானமாக அர்ப்பணித்தார்.

கட்சித் தோழர்களுக்கு இது பேரிடி. நேருவுக்குப் பின் யார் என்ற பேச்சில் முதலில் அடிபட்ட பெயர் அவருடையது. அந்தப் பாதையைத் தானே அடைத்துக்கொண்டார். ஆனால் அவர் குருவைத் தேடவில்லை, புதிய மதம் எதிலும் சேரவும் இல்லை. பெசன்ட்டிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

மரண பயமா?

இளரத்தம் சுண்டினால் நாத்திகனும் கோயிலுக்குப் போவான் என்பது ஊரில் சகஜமான பேச்சு. ஆனால் இந்த உதாரணங்களுக்கு அது பொருந்தவில்லை. பெசன்ட்டுக்கு 41, ஜே.பி.க்கு 49. இருவரும் படுக்கையில் விழுந்தவர்கள் அல்ல. தங்கள் இயக்கத்தின் உச்சியில் இருந்தவர்கள். திரும்பியதால் அவர்கள் இழந்ததுதான் அதிகம்.

வயதான காலத்தில் மாறிய ஒருவர் கதையும் அந்தப் பேச்சுக்குத் துணை வராது. ஆங்கிலத் தத்துவவாதி ஆன்டனி ஃபுளூ அரை நூற்றாண்டு நாத்திகத்தின் கூர்மையான வாதங்களை எழுதியவர். 2004இல், 81 வயதில், உலகைப் படைத்த ஓர் அறிவு இருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டதாக அறிவித்தார். உயிரின் சிக்கலான அமைப்பே காரணம் என்றார். ஆனால் மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டு என்று மட்டும் அவர் 2010இல் சாகும்வரை நம்பவில்லை. மரண பயத்தில் மாறுபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பையே அவர் தொடவில்லை.

அசையாத ஒருவர்

கேள்வி ஒன்றுதான் என்றாலும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவதில்லை. ஜே.பி. பிறந்த அதே 1902இல், ஐந்து வாரம் கழித்து இன்றைய ஒடிசாவில் பிறந்தவர் கோபராஜு ராமச்சந்திர ராவ். கோரா என்றால்தான் தெரியும். தாவரவியல் ஆசிரியர். நாத்திகக் கருத்துக்காகக் கல்லூரி வேலையை இழந்தார். மனைவி சரஸ்வதியுடன் சேர்ந்து 1940இல் முதுனூர் கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கினார். 1947இல் அது விஜயவாடாவுக்கு மாறியது.

மனிதன் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற கேள்வி கோராவுக்கும் தெரிந்ததே. அவருடைய பதில் நேர் எதிரானது. பொறுப்பைக் கடவுள் மீதும் விதி மீதும் போட முடியாதவன்தான் முழுப் பொறுப்பாளி. ஆகவே நாத்திகனே ஒழுக்கத்துக்கு உரியவன். அதை வாழ்ந்தும் காட்டினார். தீண்டாமைக்கு எதிராகச் சமபந்தி போஜனங்கள் நடத்தினார். பிள்ளைகளுக்குச் சாதி பார்க்காமல் மணம் முடித்தார். 1975இல் மறையும்வரை நாத்திகராகவே இருந்தார்.

1944இல் அவர் சேவாகிராமத்துக்குப் போனபோது, லண்டன் பிளாட்பாரத்தில் மனம் கசந்த அந்த மாணவர் 75 வயதை எட்டியிருந்தார். இடைப்பட்ட காலத்தில் காந்தியும் ஓர் அடி நகர்ந்திருந்தார். கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்தவர் சத்தியமே கடவுள் என்று மாற்றிக்கொண்டார். 1931இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் அதை விளக்கியபோது அவர் நினைவுகூர்ந்த பெயர் பிராட்லா. நாத்திகர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாலும் அவரை நாத்திகராகத் தன்னால் எண்ண முடியவில்லை, சத்தியத்துக்கு அஞ்சி நடந்தவர் என்றார்.

தலித் இளைஞர் ஒருவருக்கும் கோராவின் மகளுக்கும் சேவாகிராமத்தில் திருமணம் நடத்திவைக்கக் காந்தி சம்மதித்தார். கடவுள் என்ற சொல் வரும் இடத்தில் சத்தியம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் இசைந்தார். 1948 ஜனவரி 30 குறுக்கிட்டது. மார்ச் மாதம் அதே ஆசிரமத்தில் அந்தத் திருமணம் நடந்தது.

கரை மாறியவர்களைக் காட்டி ஆத்திகர்கள் வெற்றி கொண்டாடுவதும், மாறாதவர்களைக் காட்டி நாத்திகர்கள் பதிலடி தருவதும் இன்றும் நடக்கிறது. அன்று பிளாட்பாரத்தில் நடந்ததும் அதுதான். பெசன்ட்டும் ஜே.பி.யும் அந்தப் பட்டிமன்றத்தில் தோற்றுப்போய் மாறியவர்கள் அல்ல. கடவுளின் சுற்றளவு அவர்களுடைய கேள்வியே அல்ல. தனக்கு ஒன்றும் கிடைக்காதபோதும் மனிதன் அடுத்தவருக்காக ஏன் உழைக்கிறான் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அந்தக் கேள்வி இருவரை நம்பிக்கைக்கு அழைத்துப்போனது. கோராவை நாத்திகத்திலேயே வேரூன்றி நிற்கவைத்தது. மூவரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து கடைசியில் வந்து சேர்ந்தது, பள்ளிக்கூடங்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் சேரிகளுக்கும்தான்.